மெத்தையைச் சுமந்து ஒரு சுற்று

கிள்ளான்
ஆகஸ்ட் 17, ஞாயிறு

அன்பு மகள் சிந்துவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், மருந்து மாத்திரை நேரத்துக்கு ஓடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் ஜனனிக்குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். நீ அனுப்பிய டிக்கெட் வந்தது. கீழே இருக்கும் கடைப் பெண்ணிடம் கொடுத்து அச்சடித்து வாங்கி வைத்திருக்கிறேன், கோலாலம்பூரிலிருந்து டப்ளின், செப்டம்பர் இருபத்தெட்டு, என் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறது. ஆனால் நான் வரவில்லை கண்ணு. உடம்புக்கு ஒன்றும் இல்லை, அப்பாவைத் தனியே விட முடியாது என்பதும் காரணம் இல்லை, அவர் தனியே இருந்துகொள்வார். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் என் வாய் நல்லபடியாக மழுப்பிவிடும், முப்பது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசிப் பழகிய வாய் அது. எழுதும்போதாவது நின்று யோசிக்கலாம் என்றுதான் பேப்பர் எடுத்தேன். கடைசி வரை படி, நடுவில் நிறுத்தி எனக்குப் போன் பண்ணாதே.

இந்தப் பிளாட் மூன்றாம் மாடி, லிப்ட் பாதி நாள் ஓடாது, காலையில் கீழே பூக்கடைக்காரர்கள் கத்துகிற சத்தம் கேட்கும். முப்பத்து நாலு வருஷம் டெங்கில் ஊரில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே நம் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டு இந்தச் சத்தம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. காலையில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ போக வேண்டியவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பத்து மணிக்குமேல் சட்டையைக் கழற்றி மாட்டிவிடுவார். முட்டிவலிக்கு கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள், நான் தேய்த்துவிடுகிறேன், அதிகம் பேசிக்கொள்வதில்லை. சமையல்கார நல்லம்மாள் இப்போது செராஸில் மகன் வீட்டில் இருக்கிறாள். இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. எடுக்கமாட்டாள். அதற்கும் காரணம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

மார்ச் மாதம் நீ பேஸ்புக்கில் எழுதியதை முதலில் எனக்குக் காட்டியது ஒரு பிள்ளையின் தாய், வாசல் கேட்டில் நின்று போனை நீட்டினாள், டீச்சர் இது உங்க மகள்தானே என்றாள். நான் கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படித்தேன். ஹெட்மாஸ்டர் மகளுக்குச் சலுகை என்று யாரும் பேசிவிடக் கூடாதென்று உன்னை ஏழு வயதில் வீட்டிலிருந்து எடுத்து, பிள்ளைகள் தங்குகிற ஆஸ்ராமா விடுதியில் போட்டது, வீட்டுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நாற்பதடிகூட இல்லை, நீ படுத்த இடத்திலிருந்து எங்கள் சமையலறை விளக்கு தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன் என்று எழுதியிருந்தாய். அங்கே போன பிறகுதான் உனக்குப் படுக்கையில் ஒன்றுக்குப் போகிற பழக்கம் வந்தது. நனைந்த மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு அசெம்பிளிக்கு முன் முற்றத்தை ஒரு சுற்று வரவேண்டும், மற்றப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று பாட வேண்டும், அப்பா விசிலோடு நின்று பார்ப்பார். எல்லாம் நடந்ததுதான். ஒரு வரிகூட நீ கூட்டி எழுதவில்லை. கடைசியில் என்னைப் பற்றி, என் அம்மா பாவம், அவங்க கையில எதுவும் இல்லை, என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பார்த்துவிட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது சிந்து. உனக்கு என்ன ஆயிற்று என்று நினைக்கவில்லை, நான் தப்பித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவும் அன்றைக்கே படித்துவிட்டார். அதற்குள் பழைய பிள்ளைகள் பலபேர் கீழே எழுத ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான் என்று. மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீயே பேசு, நீ சொன்னா கேட்பா, அதெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சுன்னு சொல்லு, என்றார். நான் உனக்குப் போன் போட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ வேலையிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தாய், பின்னால் ஜனனி கார்ட்டூன் பார்க்கிற சத்தம் கேட்டது. அதெல்லாம் நீ போன மறு வருஷமே விட்டாச்சும்மா, இப்ப பிள்ளைகள் மேல கை வைக்கிறதே கிடையாது, என்று சொன்னேன். நீ அழுதாய். சரிம்மா அது போதும் என்றாய். அன்றைக்கே போய், இப்போது அந்தப் பழக்கம் இல்லை என்று அம்மா சொன்னார், என்று உன் பதிவில் சேர்த்துவிட்டாய். அந்த ஒரு வரியைக் காட்டிக் காட்டித்தான் பாதிப் பெற்றோரை நாங்கள் நிறுத்தி வைத்தோம். பகலில் வந்து போகிற பிள்ளைகள் முப்பத்தொன்றில் பதினெட்டு மிஞ்சினார்கள், தங்கிப் படிக்கிறவர்கள் பதினேழில் ஒன்பது. நிறுத்தவே இல்லை சிந்து. நான் உன்னிடம் போனில் பேசிய அன்று காலையிலும் ஒரு பிள்ளை சுற்றி வந்தது.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும், பெரிய கன்டெய்னர் லோரி ஒன்று மண்சாலையில் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. இறங்கியவனைப் பார்த்ததும் எனக்குப் பிடிபடவில்லை. உயரமாக, தாடி வைத்துக்கொண்டு, டீச்சர் நான் தனேஷ் என்றான். உன் வகுப்புதான், உனக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவன், அவன் அப்பா விபத்தில் போனபிறகு அத்தை கொண்டுவந்து விட்டாளே அவன்தான். இப்போது மேருவில் ஒரு கம்பெனியில் லோரி ஓட்டுகிறான். அப்பா வெளியே வந்தார், தனேஷா, நல்லா வளந்துட்டியே, என்று தோளைத் தட்டினார். நல்லம்மாள் மைலோ கலக்கிக் கொடுத்தாள், நின்றபடியே குடித்தான், கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான், சின்ன வயதில் நாங்கள் பழக்கியது அது. பிறகு அப்பாவைப் பார்த்து, சார், ஒண்ணு கேட்கணும், அடிக்கவோ சண்டைக்கோ வரலே லா, ஒரு மெத்தையைத் தலையில வெச்சு இந்த முற்றத்தை ஒரு ரவுண்டு வாங்க, நான் பார்க்கணும், அவ்வளவுதான், என்றான். அப்பா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. முப்பத்தஞ்சு வயசாகுது சார், ரெண்டு பிள்ளை இருக்கு, இன்னும் பொண்டாட்டி வீட்டுக்குப் போனா அங்க படுக்கமாட்டேன், லோரியிலே உட்கார்ந்துக்கிட்டுத்தான் தூங்குவேன், இந்த வேலைய எடுத்ததே அதுக்குத்தான், தனியா தூங்கலாம்ல, என்றான். குரலை உயர்த்தவே இல்லை. பிள்ளைகள் ஒன்பது பேரும் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டு இருந்தார்கள், லோரியைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வந்து நின்றுவிட்டார்கள்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, வெளியே போடா என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நான்தான் பக்கத்தில் போய், செஞ்சிடுங்க, போயிடுவான், சார் மன்னிப்புக் கேட்டாருன்னு அவனே எழுதுவான், போன பிள்ளைகள் திரும்பி வரும், என்று காதில் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் இறங்கினார். கொடிக்கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த மெத்தைகளில் கைக்கு எட்டியதை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அது காயாத மெத்தை. தண்ணீர் சொட்டி அவருடைய வெள்ளைச் சட்டைத் தோள் முழுக்க மஞ்சளாகிவிட்டது. எழுபத்து மூன்று வயது, முட்டி மடங்காது, மெதுவாகக் கொடிக்கம்பத்தைத் தாண்டி நடந்தார். தனேஷ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான், கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு. அத்தோடு முடிந்திருக்கும். அவர் பாதிச் சுற்று வந்திருப்பார், குழாயடிப் பக்கம் ஒரு பிள்ளை ஆரம்பித்தது. பிறகு இரண்டு, மூன்று. பிறகு ஒன்பது பேரும். யாரும் பாடச் சொல்லவில்லை. வரிசையாக இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டு, கைதட்டிக்கொண்டு, வானத்தில மழை இல்லே, வாசலில தண்ணி இல்லே, யாரு பாயில ஆறு ஓடுது, சொல்லு சொல்லு புள்ளே, என்று பாடினார்கள். தாளம் தப்பாமல் பாடினார்கள். அப்பா மெத்தைக்கு அடியிலிருந்து நிமிர்ந்து பார்க்க முடியாமல், பாடாதீங்க, பாடாதீங்க, என்று சொன்னார், அது அவர்களுக்கு இன்னும் சிரிப்பாகிவிட்டது.

தனேஷ் கட்டிய கையை எடுத்துவிட்டான். என்னைத் திரும்பிப் பார்த்து, டீச்சர், இவங்களுக்கு இந்தப் பாட்டு எப்படித் தெரியும், என்றான். சிந்து எழுதியிருந்தாங்களே, எப்பவோ நிறுத்தியாச்சுன்னு நீங்க சொன்னீங்கன்னு, என்றான். நான் கொடிக்கயிற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் பிள்ளைகளிடம் போய்க் குந்தி உட்கார்ந்து, இன்னைக்குக் காலையில யாரு, என்று கேட்டான். எல்லாரும் ஷாமினியைக் காட்டினார்கள். ஆறு வயது, மெலிசான பிள்ளை, முன்பல் இரண்டும் விழுந்திருக்கும், அவளும் இவ்வளவு நேரம் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிப் பாடிக்கொண்டுதான் இருந்தாள், சிரித்துக்கொண்டே பாடினாள், இன்றைக்கு வேறு யாருக்கோ வந்ததே என்ற சந்தோஷம் அவளுக்கு. எத்தனை ரவுண்டு என்று கேட்டான். இரண்டு விரல் காட்டினாள். ஏன் ரெண்டு என்றான். முதல் ரவுண்டுல அழுதுட்டேன் அங்கிள், அழுதா ரெண்டு, என்றாள். அவன் எழுந்து லோரிக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து போனை எடுத்தான். யாரிடம் பேசினான் என்று எனக்கு அப்போது தெரியாது. அவ்வளவு நேரமும் அப்பா முற்றத்தில் மெத்தையோடு நின்றுகொண்டிருந்தார். இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் நான் போய் வாங்கிக் கொடியில் போட்டேன். அவர் என்னைப் பார்த்து, உன்னாலதான், என்றார். உன்னைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று அப்போது புரியவில்லை. இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் சிந்து எழுதினதாலதான் பள்ளிக்கூடம் போச்சு என்கிறார். இல்லை கண்ணு. நீ எழுதியபோது பள்ளிக்கூடம் தப்பித்துவிட்டது. பிள்ளைகள் பாடியபோதுதான் போனது.

தனேஷ் போன் பண்ணியது சமூக நலத் துறைக்கு. திங்கட்கிழமை அங்கிருந்து இரண்டு பெண் அதிகாரிகள் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள், ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே உட்கார வைத்து, கலர் பென்சில் கொடுத்து, படம் வரையச் சொல்லிக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தை மூடி, ஒரு வாரத்துக்குள் எல்லாரையும் வீட்டில் ஒப்படைக்க வேண்டும், அதுவரை தினம் ஒருவர் வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் கேட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். தனேஷை வாழ்த்தினவர்களைவிட ஏசினவர்கள்தான் அதிகம். நைட் ஷிப்ட் போகிற தாய்மார், பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாதவர்கள், டீச்சர் அடிச்சாலும் பரவாயில்லை வெச்சுக்குங்க, நான் எங்க கொண்டு போவேன், என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதுதான் எங்களுக்குத் தைரியம் சிந்து, இத்தனை வருஷமும். அவர்களுக்கு வேறு இடம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஒன்பதில் எட்டுப் பிள்ளைகள் மூன்று நாளில் போய்விட்டார்கள். ஷாமினி மட்டும் மிஞ்சினாள். அவள் தாய் சிங்கப்பூரில் பாக்டரி வேலை, லீவு கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் வரமுடியும் என்று அதிகாரியிடமே பேசி அனுமதி வாங்கியிருந்தாள். பதினேழு கட்டில் போட்ட அந்த நீள அறையில் அந்தப் பிள்ளை மட்டும் படுத்தது. வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்க வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது, பழக்கம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடமே மூடியாகிவிட்டது, எந்தப் பழக்கம் கெடப்போகிறது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை விடிகிற நேரம், நான் சமையலறையில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன், நல்லம்மாள் பின்பக்கம் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தால் முற்றத்தில் ஷாமினி. மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றி வருகிறாள். அவளை யாரும் எழுப்பவில்லை, யாரும் சொல்லவில்லை, அப்பா தூங்குகிறார், விசில் இல்லை, பாட ஒரு பிள்ளைகூட இல்லை. அதனால் அவளே பாடிக்கொண்டு நடக்கிறாள். மெத்தை பெரிது, முன்னால் தொங்கி முகத்தை மறைக்கிறது, காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள், வரி விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். நான் என்ன செய்தேன் என்று கேள் சிந்து. நான் நின்றேன். அடுப்பை அணைத்துவிட்டு, முடியட்டும் என்று நின்றேன். பாதியில் போய் நிறுத்தினால் பிள்ளை குழம்பிவிடும், ஒரு சுற்று முடித்துவிடட்டும், பிறகு போய்க் குளிப்பாட்டலாம் என்று, அந்த நேரத்தில் எனக்கு அது நியாயமாகப் பட்டது. கொடிக்கம்பத்தைத் தாண்டும்போது அவள் அழ ஆரம்பித்தாள், அழுதால் இரண்டு என்பது ஞாபகம் வந்து வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்போதும் நான் போகவில்லை. நல்லம்மாள்தான் சத்தம் கேட்டு வந்து பார்த்தவள், கையிலிருந்த தேங்காயை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மெத்தையைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தாள், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஈரத்தோடு, என் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றாள். இருபத்தாறு வருஷம் எங்களிடம் வேலை செய்தவள், ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. நீங்களும் ஒரு பிள்ளையப் பெத்தவங்கதானே டீச்சர், என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டாள், ஆனால் பிள்ளையின் தாய் வரும்வரை போகவில்லை, ராத்திரி அவளோடு அந்த அறையில் கீழே பாய் போட்டுப் படுத்தாள்.

ஞாயிறு மத்தியானம் ஷாமினியின் தாய் வந்தாள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, வேலையிலிருந்து நேரே பஸ் ஏறி வந்த களைப்பு. எனக்கு ஒரு பிஸ்கட் டின் வாங்கி வந்திருந்தாள். இத்தனை நாள் என் பிள்ளைய நல்லா பார்த்துக்கிட்டீங்க டீச்சர், என்று காலைத் தொட்டாள். அவளுக்கு அதிகாரிகள் ஏதோ சொல்லியிருப்பார்கள், அவள் நம்பவில்லையா, நம்பினாலும் வேறு வழி இல்லாமல் மரியாதைக்குச் செய்தாளா, தெரியாது. நான் டின்னை வாங்கிக்கொண்டேன். நல்லா இரும்மா என்று தலையில் கை வைத்தேன். ஷாமினி நல்லம்மாளின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், தாய் கூப்பிட்டதும் என்னிடம் வந்து கைகூப்பி, நாங்கள் பழக்கியபடியே, போய் வருகிறேன் டீச்சர் நன்றி டீச்சர், என்று சுத்தமான தமிழில் சொல்லிவிட்டுப் போனாள்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. அப்பா ஒரு பாட்டுக் கட்டி உங்களை அசிங்கப்படுத்தினார் என்று நீ உன் பதிவில் எழுதியிருக்கிறாய். உன் அப்பாவுக்கு இரண்டு வரி சேர்ந்தாற்போல் எதுகையோடு வராது, அது உனக்கே தெரியும். அந்தப் பாட்டைக் கட்டியது நான். பள்ளிக்கூடம் ஆரம்பித்த இரண்டாவது வருஷம், உனக்கு அப்போது மூன்று வயது, படுக்கையில் போகிற பிள்ளைகளுக்கு அவர் பிரம்பால் தொடையில் அடிப்பார், தடித்துப்போகும், பெற்றோர் கேட்பார்கள். அடிக்காதீங்க, வெட்கப்பட்டா தானா நின்னுடும், என்று நான்தான் சொன்னேன். ஒரு மத்தியானம் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டே அந்த நாலு வரியைக் கட்டினேன், அவருக்குப் பாடிக் காட்டினேன், இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், கைதட்டலோடு. பிரம்பிலிருந்து காப்பாற்றினேன் என்று எனக்குப் பெருமை. விடியற்காலை ஒவ்வொரு மெத்தையாகக் கையால் தடவிப் பார்த்து யார் என்று அவரிடம் போய்ச் சொன்னதும் நான்தான். பேசாமல் புரட்டிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஏழு வயதில் உன்னுடையதைத் தடவிப் பார்த்தபோது, நீ விழித்துக்கொண்டு என் கையைப் பிடித்து, அம்மா சொல்லாதே, என்றாய். அது நனவா கனவா என்று உனக்கு ஞாபகம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நனவுதான். உனக்கு மட்டும் விட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும். அதனால் போய்ச் சொன்னேன். அன்றைக்கு நீ சுற்றி வந்தபோது பாட்டை எடுத்துக் கொடுத்த குரல் யாருடையது என்று யோசித்துப் பார்.

அதனால்தான் நான் வரவில்லை. நீ எடுத்த லீவு முடிந்து அக்டோபரில் வேலைக்குத் திரும்ப வேண்டும், ஜனனியை யாரிடமோ விடுவதைவிட அம்மா இருந்தால் நிம்மதி என்று எழுதியிருக்கிறாய், நாலு வயதாகியும் சில நாள் படுக்கையை நனைத்துவிடுகிறாள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். போன வாரம் இங்கே படிக்கட்டில் இரண்டாம் மாடிப் பெண்குழந்தை, மூன்று வயதிருக்கும், நின்ற இடத்திலேயே போய்விட்டது. நான் குனிந்து துடைக்கப் போனவள், என்னை அறியாமல் வானத்தில மழை இல்லே என்று ஆரம்பித்துவிட்டேன். பள்ளிக்கூடம் மூடி மூன்று மாதமாகிறது, ஷாமினியை அப்படிப் பார்த்த பிறகும் என் நாக்கு அதைத்தான் எடுத்தது. அந்தக் குழந்தைக்கு அர்த்தம் தெரியாது, நல்ல பாட்டு என்று சிரித்தது, இன்னொரு தடவை பாடு என்றது. ஜனனியும் அப்படித்தான் கேட்பாள். என்னை அவளிடம் விடாதே. நான் அழுது கடிதம் எழுதுகிறேன், திருந்திவிட்டேன் என்று நினைத்து இரக்கப்படாதே, எனக்கு அழுகை வரவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் இல்லை, நீ மன்னித்தால் நான் விமானம் ஏறிவிடுவேன், அந்தப் பயம்தான்.

நல்ல ஆளாகப் பார்த்து வை, சம்பளத்துக்கு வருகிறவளாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு நாள் நீ வீட்டில் இருந்து அவள் குழந்தையிடம் எப்படிப் பேசுகிறாள் என்று காதால் கேள். ஜனனி நனைத்துவிட்டால் விரிப்பை மாற்று, உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி படுக்க வை, அவளிடமும் சொல்லாதே, மாப்பிள்ளையிடமும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே. அங்கே குளிர் ஆரம்பிக்கிறது, நீ வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் பயப்படாமல் வாழ வேண்டும். என் ஆசீர்வாதம் உனக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள், நான் எழுதிவிட்டேன். டிக்கெட்டை இந்த மாதம் முடிவதற்குள் ரத்து செய்துவிடு, பிறகு செய்தால் பணம் திரும்ப வராது என்று அதிலேயே போட்டிருக்கிறது. இன்னொன்று. உன் பதிவில் அம்மா பாவம் என்று இருக்கும் வரியையும், நிறுத்திவிட்டதாக அம்மா சொன்னார் என்ற வரியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடு. தனேஷ் படிக்க வேண்டும். என் பெயரை மறைக்காதே.

உன்னைப் பெற்றவள்,
சந்திரகலா சோலையப்பன்